இராயபுரத்தில் அடங்கிய இறைநேசர் குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்களும் நினைவு நாள் பற்றிய கருத்து வேறுபாடுகளும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

ரபீவுல் அவ்வல் பிறை தென்பட்டதும் நம் மஹல்லாவில் ஆண்டுதோறும் ஒரு வினா தலைதூக்குகிறது. அம்மாதம் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பை முன்னிட்டு மௌலிது ஓதலாமா, கூடாதா என்பதே அது. அது அடங்குமுன் ரபீவுல் ஆகிர் பிறந்துவிடும். முஹ்யித்தீன் ஆண்டகை அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் நினைவு நாள் வந்துவிடும். அதனையடுத்த ஜமாதுல் அவ்வலில் நம் அண்டையிலேயே அடங்கியுள்ள குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்களின் நினைவு நாள். அதற்கும் அடுத்த ஜமாதுல் ஆகிரில் நாகூர்க் கந்தூரி. ஆக, தொடர்ந்து நான்கு மாதங்கள் ஒரே வழக்கு! தேநீர்க் கடையிலும் தொழுகை முடிந்த பின் ஹவுளுக் கரையிலும் இதே பேச்சாக இருப்பதை நாம் அனைவரும் அறிவோம்.

சென்ற பொதுக்குழுவில் இது கணக்குப் புத்தகம் வரை வந்துவிட்டது. மாதச் சந்தாவிலிருந்து மௌலிது நேர்ச்சைக்குச் செலவு எழுதலாகாது என்று இளைஞர் சிலர் எழுந்து கூறினர். ஐம்பது ஆண்டுகளாக நடந்து வருவதை நிறுத்துவதற்கு நாம் யார் என்று பெரியவர் சிலர் வினவினர். இரு தரப்பிலும் குரல் உயர்ந்தது. அன்று மாலை ஒரே தாய் வயிற்றில் பிறந்த சகோதரர் இருவர் மஃரிபுத் தொழுகையின் பின்னர் ஸலாம் கூறிக்கொள்ளாமல் வெவ்வேறு வாசல் வழியே வெளியேறியதை இக்கட்டுரையாளன் கண்ணாரக் கண்டேன். அதனாலேயே இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டபோது, குணங்குடியார் அவர்களின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய பெயரால் நாம் சர்ச்சை செய்கிறோம். அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை நம்மில் பலரும் அறியோம்.

அவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். பாக் நீரிணைக் கரையில் உள்ள தொண்டிக்கு வடமேற்கே அமைந்த குணங்குடி என்னும் சிற்றூரில் 1792 ஆம் ஆண்டு பிறந்தார்கள். தந்தையார் நயினார் முகம்மது, தாயார் பாத்திமா. பெற்றோர் தம் மகவுக்கு பக்தாதில் அடங்கியுள்ள ஜீலானி ஆண்டகையின் பெயரையே சூட்டியிருப்பதை நோக்குக. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிடையே காதிரிய்யாத் தரீக்கா எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது இதனால் விளங்கும். காதிர், முஹ்யித்தீன், மீரான் என்னும் பெயர்கள் நம் இல்லங்கள் தோறும் இன்றும் ஒலிப்பது அதன் தொடர்ச்சியே.

இளமையில் கீழக்கரைக்குச் சென்று ஓதினார்கள். அங்கே தைக்கா சாஹிபு என்று மக்களால் போற்றப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் அவர்களிடம் அறபும் மார்க்கக் கல்வியும் பயின்றார்கள். தமிழ்ப் புலமையும் இக்காலத்திலேயே அவர்களுக்குக் கைவந்தது. பதினேழு வயதில் தாய்மாமன் மகளை மணமுடித்து வைக்கப் பெற்றோர் விரும்பினர். அவர்களோ அதற்கு இசையாமல் வீட்டைத் துறந்து வெளியேறினார்கள்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். திருமணம் நபிவழி. துறவறம் நம் மார்க்கத்தில் விதிக்கப்பட்டதன்று. ஆகவே குணங்குடியார் அவர்களின் வாழ்வில் இப்பகுதியை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்று ஆலிம்கள் சிலர் கூறுவர். அது சரியே. இறைநேசர் ஒருவரை மதிப்பதற்கு அவரது ஒவ்வொரு செயலையும் சட்டமாக்க வேண்டிய தேவை இல்லை. அவர்களை நேசிப்போர் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்குவதும், அவர்களை மறுப்போர் இவ்வொன்றைக் கொண்டே அனைத்தையும் தள்ளுவதும் இரண்டுமே மிகை.

1813 ஆம் ஆண்டு திரிசிரபுரத்தில் மௌலவி ஷாம் சாஹிபு அவர்களிடம் தீட்சை பெற்று காதிரிய்யாத் தரீக்காவில் இணைந்தார்கள். பின்னர்த் தொடங்கியது நீண்ட அலைவு. மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில் சிக்கந்தர் தர்கா அமைந்த மலையில் நாற்பது நாள் தனித்திருந்தார்கள். அறந்தாங்கிக்கு அருகிலும், தொண்டியை அடுத்த ஒரு தோப்பிலும் சில திங்கள் கழித்தார்கள். சதுரகிரி, ஆனைமலை, நாகமலை முதலிய மலைகளிலும் காடுகளிலும் பல்லாண்டுகள் திரிந்ததாக அவர்களின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். காயும் கிழங்கும் உணவு, மரநிழலே வீடு. தம்மை மறந்த இறைக் காதலில் திளைத்திருந்தமையால் மக்கள் அவர்களை மஸ்தான் என்று அழைத்தனர். மஸ்த் என்னும் பாரசீகச் சொல் மயக்கத்தைக் குறிப்பது. பட்டம் கொடுத்த பள்ளி எதுவுமில்லை. தெருவில் கண்டவர்கள் சூட்டிய பெயரே நிலைத்தது.

இவ்வாறு அலைந்த அவர்கள் இறுதியாக வந்து தங்கிய இடம் நம் வடசென்னை. அன்றைய இராயபுரத்தை இன்றைய கண்கொண்டு பார்த்தலாகாது. துறைமுகம் இல்லை, அதன் கட்டுமானம் 1870களில்தான் தொடங்கியது. இரயில் நிலையம் இல்லை. அது திறக்கப்பட்டது 1856 இல், அதாவது மஸ்தான் சாஹிபு மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்கையும் மனிதரையும் கரைசேர்த்தன. கரையோரம் மீனவரும் படகோட்டிகளும் வாழ்ந்தனர். வண்ணாரப்பேட்டையில் கும்பினியாரின் துணிகளை வெளுக்கும் தொழில் நடந்தது. வடக்கே செல்லச் செல்ல மணல்மேடும் முட்புதருமே. அத்தகைய புதர்க்காடு ஒன்று பாவா லெப்பை என்னும் முஸ்லிம் பெருமகனுக்கு உரியதாய் இருந்தது. மூங்கிலும் முள்ளும் அடர்ந்த அந்த இடத்தையே மஸ்தான் சாஹிபு தமக்கு ஏற்றதெனத் தேர்ந்தார்கள். முதலில் வியந்த நிலத்துக்குரியவர், பின்னர் அவர்களின் நிலையை உணர்ந்து அவ்விடத்திலேயே ஒரு தைக்கா அமைத்துக் கொடுத்தார்.

தொண்டியிலிருந்து வந்தவராதலின் மக்கள் அவர்களைத் தொண்டியார் என்றனர் என்றும், அதனாலேயே அப்பகுதி தொண்டியார்பேட்டை எனப்பட்டுப் பின்னர்த் தண்டையார்பேட்டை ஆயிற்று என்றும் நம்மவர்கள் பெருமையுடன் கூறுவதுண்டு. பல மலர்களில் இது அச்சிலும் ஏறிவிட்டது. ஆனால் 1693 ஆம் ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றுடன் தண்டையார்பேட்டையும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்ததாக வரலாறு உள்ளது. மஸ்தான் சாஹிபு பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியே அப்பெயர் வழங்கியது. உண்மையாலன்றி வேறெதனாலும் ஓர் இறைநேசருக்குப் புகழ் சேர்க்க வேண்டியதில்லையாதலின் இதனை இங்கே குறிப்பிட நேர்ந்தது.

தைக்காவுக்கு மக்கள் வரத் தொடங்கினர். முஸ்லிம்கள் மட்டுமல்லர், இந்துப் பெருமக்களும் வந்தனர். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அக்காலச் சென்னையின் தலைசிறந்த தமிழ்ப் புலவர்களுள் ஒருவர், திருக்குறளைப் பதிப்பித்தவர். அவர் மஸ்தான் சாஹிபு மீது நான்மணிமாலை பாடினார். அய்யாசாமி முதலியார் போன்றோரும் மாணவராகிப் புகழ்ப்பா இயற்றினர். கந்தை உடுத்து முட்புதரில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் பக்கீரின் முன்னால் இத்தகையோர் வந்து அமர்ந்தது அவர்களின் பாடல்களின் வலிமையினால்.

அப்பாடல்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. பராபரக்கண்ணி, றகுமான் கண்ணி, எக்காலக் கண்ணி, மனோன்மணிக் கண்ணி, நிராமயக் கண்ணி என்று பல பெயர்களில் அமைந்தவை. தாயுமானவரின் பாடல்களோடு அவற்றை ஒப்பிடுவது தமிழறிஞர் வழக்கம். சித்தர் மரபின் சொற்களும் யோக நெறியின் குறியீடுகளும் அவற்றில் நிரம்ப உண்டு. இறைவனைத் தலைவியாக உருவகித்துப் பாடிய இடங்களும் உள. நந்தீசர் மீதும் அகத்தீசர் மீதும் சதகங்கள் பாடியுள்ளார்கள். இவற்றைக் கண்டு மனம் ஒப்பாத முஸ்லிம்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அதேவேளை இறைவன் ஒருவனையே முன்னிறுத்தி, தம் இழிவைச் சொல்லிச் சொல்லிக் கதறும் பகுதிகளைப் படிப்போர் எந்தக் கொள்கையினராயினும் கண் கலங்காதிருத்தல் அரிது.

நினைவு நாள் குறித்த நம் வழக்கிற்கு நேரடியாகத் தொடர்புடையது அவர்கள் பாடிய முகியித்தீன் சதகம். ஜீலானி ஆண்டகையை முன்னிலைப்படுத்தி அவர்களின் அருளை வேண்டும் நூறு பாடல்கள் கொண்ட நூல் அது. ரபீவுல் ஆகிரில் முஹ்யித்தீன் மௌலிது ஓதப்படும் சபைகளின் உணர்வுக்கு மிக நெருக்கமானது. ஆகவே கந்தூரியையும் மௌலிதையும் மறுப்போர் மஸ்தான் சாஹிபு அவர்களைத் தம் அணியில் சேர்த்துக்கொள்ள இயலாது. மறைந்த ஒருவரை விளித்து வேண்டுவது தவ்ஹீதுக்கு ஏற்குமா என்பதே அவர்களின் முதல் வினாவாக இருக்கும். ஆதரிப்போருக்கும் ஓர் இக்கட்டு உண்டு. வீட்டையும் ஊரையும் கூட்டத்தையும் விட்டு முள்ளுக்குள் ஓடிய ஒருவரின் பெயரால் கொடியும் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வைப்பதை அவர்களின் வாழ்விலிருந்து எவ்வாறு எடுத்துக்காட்டுவது?

அவர்கள் இராயபுரத்தில் வாழ்ந்த அதே ஆண்டுகளில்தான் இவ்வழக்கு சென்னைக்கே வந்து சேர்ந்தது என்பதைப் பலர் அறியார். 1832 இல் இலண்டனில் வெளிவந்த கானூனே இஸ்லாம் என்னும் நூல், ஜாஃபர் ஷரீஃப் என்னும் தக்காண முஸ்லிம் எழுதியதை சென்னை மாகாண மருத்துவராயிருந்த ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்தது. அக்காலத் தென்னிந்திய முஸ்லிம்களின் விழாக்கள் அனைத்தும் அதில் மாதவாரியாக உள்ளன. ரபீவுல் அவ்வலை பாரா வஃபாத் என்றே அது குறிக்கிறது. அதாவது நபிகளாரின் மறைவை நினைக்கும் பன்னிரண்டு நாட்கள். நாகூர் காதிர் வலீ நாயகத்தின் கந்தூரியும் அதில் உண்டு. நம் பாட்டன்மார் காலம் வரை பாரா வஃபாத் என்ற சொல்லே புழங்கியதை முதியோர் நினைவில் கொண்டிருக்கக் கூடும். அந்நாளைப் பெரும்பாலும் பிறப்பின் நாளாக நினைப்பது பின்னர் வந்த வழக்கு.

மறுபுறம், 1831 இல் பாலாகோட்டில் ஷஹீதான சையிது அஹ்மது அவர்களின் இயக்கத்தைச் சேர்ந்த பிரச்சாரகர்கள் அக்காலத்தில் சென்னைக்கும் வந்தனர். அவர்களின் தோழர் ஷாஹ் இஸ்மாயீல் எழுதிய தக்வியத்துல் ஈமான், கப்றுகளில் நடைபெறும் சடங்குகளைக் கடுமையாகச் சாடிய நூல். சென்னையில் இருந்த ஆலிம்களிடையே இதனால் பெருஞ்சர்ச்சை மூண்டது. ஆகவே இந்தக் கருத்து மோதல் அண்மையில் வளைகுடாவிலிருந்து இறக்குமதியானது என்று சொல்வதும், மௌலிது நேற்று முளைத்த மூடப்பழக்கம் என்று சொல்வதும் வரலாறறியாதோர் பேச்சு.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் வழக்கின் வேர் தெரியும். நபிகளாரின் பிறந்த நாளை எகிப்தின் ஃபாத்திமிய்யா அரசர்கள் அரண்மனை விழாவாகக் கொண்டாடினர். ஸுன்னத் வல் ஜமாஅத்தினரிடையே அதனைப் பெருவிழாவாக்கியவர் இராக்கின் வடபகுதியில் இர்பிலை ஆண்ட முழஃப்பருத்தீன் கோக்புரீ. சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் சகோதரியை மணந்தவர். ஹிஜ்ரி 630 இல் மறைந்தார். அவர் நடத்திய விழாவை வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் விரிவாகப் பதிவு செய்துள்ளார். அதில் ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. நபிகளார் பிறந்தது ரபீவுல் அவ்வல் பிறை எட்டா, பன்னிரண்டா என்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தமையால், அம்மன்னர் ஓராண்டு எட்டாம் நாளிலும் மறு ஆண்டு பன்னிரண்டாம் நாளிலும் விழா எடுப்பாராம்! அம்மன்னருக்கு இருந்த பக்குவம் நம் பொதுக்குழுவில் சிலருக்கேனும் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அதன்பின் எழுந்த ஃபத்வாக்கள் இரு வழிப்பட்டன. மாலிக்கி மத்ஹபின் தாஜுத்தீன் ஃபாகிஹானீ (ரஹ்), மௌலிதுக்குக் குர்ஆனிலோ நபிவழியிலோ ஆதாரம் இல்லை என்று தனி நூலே எழுதினார். அதனை மறுத்து இமாம் ஸுயூத்தி (ரஹ்) எழுதினார். ஓதுதலும் உணவளித்தலும் நபிகளாரின் வரவுக்கு மகிழ்தலும் நற்செயல்களே என்பது அவரது வாதம். இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) ஆஷூரா நோன்பைச் சான்று காட்டினார். மூஸா (அலை) காப்பாற்றப்பட்ட நாளுக்கு நன்றியாக ஆண்டுதோறும் நோன்பிருக்கலாமெனில், நபிகளார் பிறந்த நாளுக்கும் நன்றி செலுத்தலாம் என்றார். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) இதனைப் புதிதாக ஏற்பட்டதென்றே கொண்டார். ஆயினும் நபிகளார் மீதுள்ள நேசத்தால் செய்வோருக்கு அந்த நேசத்துக்கும் நன்னோக்கத்துக்கும் நற்கூலி கிடைக்கக் கூடும் என்பதையும் சேர்த்தே எழுதினார். அவரைத் தம் முன்னோடியாகக் கொள்வோர் முற்பகுதியை மட்டும் சொல்லிப் பிற்பகுதியை விட்டுவிடுகின்றனர். ஆதரவாளர்களோ பிற்பகுதியை மட்டும் சொல்கின்றனர்.

நபிகளார் தாம் பிறந்த திங்கட்கிழமையில் நோன்பு நோற்றார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. ஆதரிப்போர் இதைப் பிறந்த நாளைச் சிறப்பித்ததற்குச் சான்றாகக் காட்டுவர். மறுப்போர், அது வாரந்தோறும் நோற்ற நோன்பு, ஆண்டுதோறும் எடுத்த விழா அன்று என்பர். இறைநேசரின் நினைவு நாள் பற்றியும் அவ்வாறே. உர்ஸ் என்ற சொல்லுக்கு மணவிழா என்பது பொருள். நல்லடியார் மண்ணறையில் புதுமணப்பெண்போல் உறங்குவதாகக் கூறும் நபிமொழியை ஒட்டி வந்தது. உஹதுத் தியாகிகளின் அடக்கத்தலங்களுக்கு நபிகளார் ஆண்டுதோறும் சென்றதாக வரும் அறிவிப்பை ஒரு சாரார் காட்டுவர். அது வலுவற்றது என்பர் மறுசாரார். தம் அடக்கத்தலத்தை விழாக்களமாக்க வேண்டாம் என்று நபிகளார் தடுத்த செய்தியை இவர்கள் முன்வைப்பர். மறுமையை நினைவூட்டுவதால் கப்றுகளை ஜியாரத் செய்யலாம் என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றே.

வட இந்தியாவில் இது இரு பெரும் அணிகளாயிற்று. பரேலியின் அஹ்மது ரிளா கான் அவர்கள் மௌலிதையும் உர்ஸையும் ஆதரித்து எழுதினார்கள். தேவ்பந்தின் ரஷீத் அஹ்மது கங்கோஹீ அவர்கள் நடைமுறையில் இருந்த மௌலிது சபைகளை மறுத்தார்கள். அவர்களின் ஆன்மிக குருவோ மக்காவில் வாழ்ந்து 1899 இல் மறைந்த ஹாஜி இம்தாதுல்லாஹ் அவர்கள். குருவானவர் மௌலிது சபைகளில் கலந்துகொண்டு இன்புற்றவர், சீடர் கலந்துகொள்ளாதவர். ஏழு பிரச்சினைகளைப் பற்றிச் சிறு நூல் எழுதிய குரு, மௌலிதையும் உர்ஸையும் அதில் சேர்த்துத் தம் நிலையையும் சொல்லி, மாறுபட்டோரைப் பழிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். சீடர் தம் ஃபத்வாவை மாற்றிக்கொள்ளவில்லை. குரு தம் சீடரை விலக்கவும் இல்லை. பைஅத்தும் நேசமும் இறுதிவரை நிலைத்தன.

தமிழகத்தில் 1920களில் தாருல் இஸ்லாம் இதழ் வழியாக பா. தாவூத்ஷா அவர்கள் கந்தூரி ஆடம்பரங்களைக் கடுமையாகச் சாடினார்கள். 1980களில் தவ்ஹீதுப் பிரச்சாரம் ஊர் ஊராகப் பரவியது. 1990 இல் வி.பி. சிங் அவர்களின் அரசு மீலாது நாளை நாடெங்கும் பொது விடுமுறையாக அறிவித்தபோது, ஒரு சாரார் மகிழ, ஒரு சாரார் நாம் கேட்காத விழா என்றனர். அக்காலம் தொட்டு இன்று வரை நம் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் மஹல்லாக்களில் பள்ளிவாசல் மாறித் தொழுவதும், திருமணத்துக்கு அழைக்காதிருப்பதும் ஆங்காங்கே நிகழ்ந்தே வருகின்றன. துறைமுகத்தில் ஒரே ஷிஃப்டில் தோளோடு தோள் நின்று மூட்டை தூக்கிய இருவர் ஒருவரது ஜனாஸாவுக்கு மற்றவர் போகாத கொடுமையும் நடந்துள்ளது. எந்த ஃபத்வாவிலும் இதற்கு இடமில்லை. ஃபாகிஹானீயும் ஸுயூத்தியும் ஒருவரை ஒருவர் காஃபிர் என்று எழுதவில்லை.

குணங்குடியாருக்குத் திரும்புவோம். அவர்கள் விட்டுச் சென்றவை பாடல்களே. மார்க்கத் தீர்ப்புகள் அல்ல. ஆகவே அவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி எந்தக் கட்சிக்காரரும் வாக்குமூலம் வாங்க முடியாது. ஹிஜ்ரி 1254 ஜமாதுல் அவ்வலில், அதாவது 1838 ஆம் ஆண்டு, தமது நாற்பத்தேழாம் வயதில் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தாம் வாழ்ந்த தைக்காவிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்கள். புதர்க்காடாய் இருந்த இடத்தைச் சுற்றி வீடும் கடையும் சந்தும் நெருங்கி வளர்ந்துவிட்டன. அடக்கத்தலம் மட்டும் அங்கேயே உள்ளது.

அவ்விடம் செல்வோர் பலவகை. உர்ஸ் நாளில் போர்வையும் பூவும் கொண்டு செல்வோர் உண்டு. நேர்த்திக்கடன் செலுத்துவோர் உண்டு. தமிழ் ஆய்வு மாணவர்கள் வருவதுண்டு. என் தந்தையார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கந்தூரி நாளில் அங்கே போக மாட்டார்; கூட்டத்தில் ஓத முடியாது என்பார். வேறொரு நாள் அஸருக்குப் பின் தனியே போய், ஸலாம் கூறி, யாஸீன் ஓதி, அல்லாஹ்விடம் அவர்களுக்காகவும் தமக்காகவும் துஆ கேட்டுவிட்டுத் திரும்புவார். அவரை வஹ்ஹாபி என்று சொன்னவரும் உண்டு. கப்று வணங்கி என்று சொன்னவரும் உண்டு. இரண்டையும் கேட்டுச் சிரித்துக்கொள்வார். அவர் மறைந்த பின், பழைய டிரங்குப் பெட்டியில் மஸ்தான் சாஹிபு பாடல் திரட்டு ஒன்று அட்டை கிழிந்த நிலையில் கிடைத்தது. பராபரக்கண்ணிப் பகுதியில் மட்டும் ஓரமெல்லாம் பென்சில் கோடுகள்.

அந்தப் பிரதியை நம் ஜமாஅத் நூலகத்துக்கு அளித்துள்ளேன். பொதுக்குழுவில் எழுந்த வினாவுக்கு நிர்வாகக் குழு கண்ட முடிவு இவ்வறிக்கையின் வரவு செலவுப் பகுதியில் உள்ளது. மௌலிது நேர்ச்சைக்கு இனி விரும்புவோரிடம் மட்டும் தனி நன்கொடை பெறப்படும். தனிக் கணக்கு எழுதப்படும். மாதச் சந்தாவிலிருந்து எடுக்கப்பட மாட்டாது. ஓத விரும்புவோர் இஷாவுக்குப் பின் ஓதலாம். விரும்பாதோர் சுன்னத்து முடித்துச் செல்லலாம். இம்முடிவு இரு சாராரையும் முழுமையாக நிறைவு செய்யவில்லை என்பதை அறிவோம். மேலே கூறிய சகோதரர் இருவரில் இளையவர் இவ்வாண்டு ரமளான் இஃப்தார் ஏற்பாட்டில் கஞ்சிப் பொறுப்பை ஏற்றார். மூத்தவர் அரிசி மூட்டை கொடுத்து அனுப்பினார். இன்னும் நேரில் பேசிக்கொள்ளவில்லை.

வல்ல அல்லாஹ் மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! நம் மஹல்லாவில் மறைந்தோர் அனைவரின் பிழைகளையும் பொறுத்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.